டால்பினிடம் சோனார் வடிவமைப்பாளர் கற்க வேண்டியது என்ன?

கலங்கிய நீரில் இயங்கும் சிறிய ஊர்தி ஒன்றுக்குச் சோனார் (நீருக்குள் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு பொருள்களை அறியும் கருவி) வடிவமைக்க முயலும் பொறியியல் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “டால்பினின் சோனார் மனிதர் செய்த எந்தச் சோனாரையும்விடச் சிறந்தது என்று படிக்கிறேன். அது உண்மையா? உண்மையென்றால், அதன் அதிர்வெண்ணையும் துடிப்பின் வடிவத்தையும் எடுத்து அப்படியே ஒரு கருவியில் வைத்துவிட்டால் போதாதா?”

கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில், சில வேலைகளில் மட்டும் அது உண்மை என்பது. இரண்டாம் பாதிக்கு, போதாது என்பது. டால்பின் எழுப்பும் ஒலி மிக எளிமையானது. அதைவிடச் சிக்கலான துடிப்புகளை இன்று ஒரு சிறு மின்சுற்றால் உருவாக்கிவிடலாம். அந்த எளிய ஒலியை எப்போது, எவ்வளவு உரக்க, எந்தத் திசையில் எழுப்புவது என்பதை முந்தைய எதிரொலியைக் கேட்ட பிறகே அவ்விலங்கு தீர்மானிக்கிறது. அதன் திறமை பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பரவலாக உள்ள ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். டால்பினைப் பார்த்தே மனிதர் சோனாரைக் கண்டுபிடித்தனர் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. வரலாறு அப்படி இல்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் ரெஜினால்ட் ஃபெசென்டன் ஒரு பனிப்பாறையிலிருந்து ஒலியின் எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். முதல் உலகப் போரின் இறுதியில் பால் லான்ஜவன் படிகக்கல்லின் அழுத்தமின் பண்பைப் (அழுத்தினால் மின்சாரம் தருவது, மின்சாரம் தந்தால் அதிர்வது) பயன்படுத்தி நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் கருவியை உருவாக்கினார். டால்பின் எதிரொலியைப் பயன்படுத்துகிறது என்ற ஐயம்கூட அப்போது யாருக்கும் எழவில்லை. 1947இல்தான், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த ஒரு கடலுயிர்க் காட்சியகத்தின் பொறுப்பாளர் ஆர்தர் மெக்பிரைடு, இரவில் கலங்கிய நீரில் டால்பின்களைப் பிடிக்கும்போது ஒன்றைக் கவனித்தார். சிறுகண்ணி வலையை அவை தொலைவிலேயே அறிந்து விலகின. கண்ணி பெரிதாக இருந்த வலையை அறியாமல் அதில் வந்து மோதின. கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லாத நீரில் கண்ணியின் அளவு எப்படி வேறுபாட்டை உண்டாக்கும் என்று அவர் எழுதி வைத்த குறிப்பு, அவர் மறைந்த பிறகு 1956இல் வெளியானது. நெருக்கமான கண்ணியுள்ள வலை ஒலியை நன்கு திருப்பி அனுப்பும், அகன்ற கண்ணி அவ்வாறு அனுப்பாது என்பதே விளக்கம். பின்னர் கலிஃபோர்னியாவில் கென்னத் நாரிஸ், ஒரு டால்பினின் கண்களை ரப்பர் மூடிகளால் மூடிவிட்டு அதை நீந்தவிட்டார். அது செங்குத்தாகத் தொங்கவிடப்பட்ட குழாய்களுக்கிடையே மோதாமல் புகுந்து சென்றது. 1961இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகே ஐயம் நீங்கியது. சோனார் நமக்குப் பல பத்தாண்டுகளாகக் கைவந்திருந்த நிலையில், நம்மைப் போலவே ஒலியால் தேடும் ஒரு விலங்கை நாம் தாமதமாகக் கண்டுகொண்டோம் என்பதே சரியான வரிசை.

அதன் உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி தொண்டையில் பிறப்பதில்லை. மூச்சுத்துளைக்குக் கீழே, மூக்குப் பாதையில் உள்ள உதடு போன்ற தசைமடிப்புகளின் வழியே காற்று அழுத்தத்துடன் தள்ளப்படும்போது அவை ஒன்றோடொன்று மோதிச் சொடுக்கொலி எழுகிறது. காற்று வெளியேறி வீணாவதில்லை. உள்ளேயே பைகளில் சேர்ந்து மீண்டும் பயன்படுகிறது. முன்நெற்றியில் உள்ள ‘மெலன்’ என்னும் கொழுப்புத் திரளின் நடுப்பகுதியில் ஒலி மெதுவாகவும் ஓரங்களில் விரைவாகவும் செல்வதால், அது ஒரு வில்லையைப் போல ஒலியை முன்னோக்கிக் குவிக்கிறது. திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பதற்கு வெளிக்காது உதவுவதில்லை. கீழ்த்தாடையின் பின்பகுதியில் எலும்பு மிக மெலிந்திருக்கிறது. அதன் உட்புறம் இருக்கும் கொழுப்பு ஒலியை உட்காதுக்குக் கடத்துகிறது. நாரிஸ் முன்வைத்த இந்தக் கருத்தை 1988இல் வெளியான ஒரு சோதனை உறுதிசெய்தது: கீழ்த்தாடையின் மீது ஒலியைத் தடுக்கும் உறையை மாட்டியதும் டால்பினால் பொருள்களைச் சரியாக வேறுபடுத்த முடியவில்லை. இந்த உறுப்புகளை ரப்பராலும் எண்ணெயாலும் அப்படியே செய்துபார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. ஒலிவில்லைகளும் குவிப்பான்களும் நம்மிடம் முன்பே இருப்பதால், அதில் கிடைக்கும் பயன் குறைவு.

இனி அந்தச் சொடுக்கைப் பார்ப்போம். இந்த ஆய்வின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இங்கேதான் வருகிறது. 1970களின் தொடக்கம் வரை டால்பினின் ஒலியைத் தொட்டிகளில் வைத்தே அளந்தார்கள். அதன் ஆற்றல் 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மிகுந்திருப்பதாகப் பதிவுகள் கூறின. விட்லோ ஆ (Au) என்னும் ஆய்வாளரும் அவருடைய உடன்பணியாளர்களும் ஹவாயின் கனியோஹே விரிகுடாவில், திறந்த நீரில் அமைந்த பட்டியிலிருந்து, ஏறத்தாழ 55 முதல் 73 மீட்டர் தொலைவில் வைத்த இலக்குகளைக் குப்பிமூக்கு டால்பின்கள் தேடும்போது அளந்தார்கள். உச்ச அதிர்வெண் 120 முதல் 130 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தது. ஒலியின் வலிமை, ஒரு மீட்டர் தொலைவில் ஒரு மைக்ரோபாஸ்கல் ஒப்பீட்டில், முகட்டிலிருந்து பள்ளம் வரை கணக்கிட்டால் 220 டெசிபலையும் தாண்டியது. 1974இல் இது வெளியானபோது அதுவரை இருந்த படம் முழுவதும் மாறியது. சுவர்கள் சூழ்ந்த தொட்டியில் விலங்கு உரக்கக் கத்துவதில்லை. கத்தினால் அதன் எதிரொலியே அதன் காதை நிறைத்துவிடும். தொட்டியில் அளந்தவர்கள் தவறாக அளக்கவில்லை. தொட்டிக்கு ஏற்றபடி டால்பின் அடக்கிப் பேசியதை அவர்கள் அதன் இயல்பான குரல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சொடுக்கின் நீளம் 40 முதல் 70 மைக்ரோவினாடி வரைதான். அதற்குள் நான்கு முதல் எட்டு அலைகளே இருக்கும். கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் என்பதால், 50 மைக்ரோவினாடித் துடிப்பு நீரில் 7.5 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஒலி உரத்ததுதான், ஆனால் அது நீடிக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் அதில் செலவாகும் ஆற்றல் சிறிது. போர்க்கப்பல்களின் நடுத்தர அதிர்வெண் சோனார், சில கிலோஹெர்ட்ஸில், ஒரு வினாடி அளவுக்கு நீளும் துடிப்பை அனுப்புகிறது. இரண்டின் டெசிபல் எண்களையும் அருகருகே வைத்து ‘டால்பினும் கப்பலும் ஒரே அளவு கத்துகின்றன’ என்று சொல்பவர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட துடிப்பைக் கொண்டு எவ்வளவு தொலைவு பார்க்க முடியும்? கனியோஹேயில் நடந்த சோதனையில், நீர் நிரப்பிய 7.62 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கோளத்தை டால்பின் சுமார் 113 மீட்டர் தொலைவு வரை கண்டறிந்தது. அந்தத் தொலைவில் அதன் விடை பாதி முறை சரியாக இருந்தது. ஏறத்தாழ ஓர் ஆரஞ்சுப் பழத்தின் அளவே உள்ள ஒரு பொருளை ஒரு கால்பந்துத் திடலின் நீளத்துக்கு அப்பால் உணர்வது வியப்புக்குரியதுதான். ஆயினும், இரைச்சலுக்கிடையே எதிரொலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் தூய கண்டறிதலில், கணிதம் அனுமதிக்கும் மிகச் சிறந்த கருவியைவிட டால்பின் சில டெசிபல் பின்தங்கியே இருக்கிறது. இந்த ஒரு வேலைக்காக மட்டும் என்றால் டால்பினிடம் நாம் போக வேண்டியதில்லை. “எந்தச் சோனாரையும்விடச் சிறந்தது” என்ற வாக்கியம் உடையும் இடம் இது.

அது வெல்லும் இடம் வேறு: கண்டறிந்த பொருள் எது என்று அறிவதில். இங்கே ஒரு புதிரைக் கவனியுங்கள். டால்பின் அனுப்பும் ஒலிக்கற்றையின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. 100 மீட்டர் தொலைவில் அது 17 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். படம் எடுக்கும் சோனார்களில் 1 பாகைக்கும் குறுகிய கற்றை சாதாரணம். கற்றையின் குறுமையை மட்டும் கணக்கில் கொண்டால் டால்பின் மங்கலாகவே பார்க்க வேண்டும். ஆனால் ஆவும் பவ்லோஸ்கியும் 1992இல் வெளியிட்ட சோதனையில், ஒரே வெளிவிட்டம் கொண்ட அலுமினிய உருளைகளின் சுவர்த் தடிமனில் 0.23 மில்லிமீட்டர் வேறுபாட்டை அது அறிந்தது. ஒப்பீட்டு உருளையின் சுவர் 6.35 மில்லிமீட்டர். எட்டு மீட்டர் தொலைவிலிருந்து, வெளியே முற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உருளைகளில் எது மெல்லியது என்று சொல்வது கண்ணால் ஒருபோதும் முடியாத காரியம்.

விடை எதிரொலியின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. உலோக உருளையின் மீது படும் துடிப்பின் ஒரு பகுதி முன்சுவரின் வெளிப்பரப்பிலிருந்து உடனே திரும்புகிறது. எஞ்சியது உள்ளே நுழைந்து, முன்சுவரின் உட்பரப்பு, பின்சுவர் என ஒவ்வொன்றிலும் மோதி, சிறிது சிறிது தாமதித்துத் திரும்புகிறது. ஒரு பகுதி உருளையின் சுற்றைப் பற்றிக்கொண்டு வளைந்து வந்து சேர்கிறது. இந்தப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எதிரொலியின் அதிர்வெண் பரவலில் மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. தடிமன் சற்று மாறினால் தாமதம் மாறும். தாமதம் மாறினால் அந்த மேடுபள்ளங்கள் இடம்பெயரும். பித்தளைக் குடத்தையும் மண்குடத்தையும் விரலால் தட்டி வேறுபடுத்துகிறோமே, ஏறக்குறைய அதே வகை அறிவு; தட்டும் விரல் மட்டும் பல மீட்டர் தொலைவில் இருக்கிறது. இப்படிக் கேட்பதற்கு அகன்ற அதிர்வெண் பட்டை, அதாவது பல அதிர்வெண்கள் ஒருங்கே அடங்கிய ஒலி, தேவை. டால்பினின் சொடுக்கு பல பத்து கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. 50 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்துக்கு, தொலைவில் பிரித்தறியும் திறன் 1.5 சென்டிமீட்டர் என்று எளிய கணக்கே சொல்லும். திசையைப் பொறுத்தவரை, அனுப்பும் கற்றை அகலமாக இருந்தாலும் கேட்கும் காது கூர்மையானது. சொடுக்கொலி வரும் திசையில் ஏறத்தாழ 1 பாகை மாற்றத்தை டால்பின் உணர்வதாக 1975இல் வெளியான அளவீடு காட்டியது.

வடிவமைப்பாளருக்கு இதில் தெளிவான பாடம் உண்டு, அது நடைமுறைக்கும் வந்திருக்கிறது. பழைய எக்கோ சவுண்டர்கள் (ஒலியைக் கீழே அனுப்பி ஆழத்தையும் மீனையும் அறியும் கருவிகள்) 38, 120, 200 கிலோஹெர்ட்ஸ் என்று ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கின. அவற்றின் எதிரொலியில் பொருளின் ‘நிறம்’ தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். மீன்வள ஆய்வுக்கான இன்றைய கருவிகள் அகன்ற பட்டையில் அதிர்வெண்ணை ஏற்றி அனுப்பி, காற்றுப்பை உள்ள மீனையும் இல்லாத மிதவை உயிர்களையும் அவற்றின் அதிர்வெண் மறுமொழியைக் கொண்டு பிரிக்க முயல்கின்றன. அமெரிக்கக் கடற்படை கண்ணிவெடி தேடுவதற்காக உருவாக்கிய ‘நைஃப்ஃபிஷ்’ என்னும் ஆளில்லா ஊர்தியும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அகன்ற பட்டை கொண்ட சோனாரையே பயன்படுத்துகிறது. அதன் ஒலி பொருளுக்குள் புகுந்து வரும் என்பதும் சேற்றில் புதைந்ததையும் காட்டும் என்பதும் காரணம். இந்த ஊர்திதான், கடற்படையின் கண்ணிவெடி தேடும் டால்பின்களுக்கு மாற்றாகக் கருதப்பட்டது. 2003இல் இராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் அந்த டால்பின்கள் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. 2017க்குள் அவற்றுக்குப் பதிலாக இயந்திரங்கள் வரும் என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு கடந்த பின்னும் விலங்குகள் பணியில் தொடர்ந்தன. போருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உயிரை வெடிகளுக்கருகே அனுப்புவதை நான் ஏற்கவில்லை. அந்த மாற்று விரைவில் முழுமையாக வர வேண்டும் என்பதும் இந்தத் துறையில் நல்ல கருவிகள் வேண்டும் என்று நான் விரும்புவதற்கு ஒரு காரணம்.

அகன்ற பட்டை வேண்டும் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோனாரில் ஒலியை எழுப்பும் உறுப்பான சாதாரண அழுத்தமின் பீங்கான் வில்லை (தட்டு) மணியைப் போன்றது. ஒரே சுருதியில்தான் நன்றாக ஒலிக்கும், அடித்த பின்னும் சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். நான்கைந்து அலைகளோடு நின்றுவிடும் துடிப்பை அதிலிருந்து பெறுவது சிரமம். பீங்கான் தூண்களைப் பிசினுக்குள் பதித்துச் செய்யும் கலப்பு வில்லைகள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன, விலை கூடுதல். உங்கள் பணத்தில் ஒரு பகுதியை எதற்காவது ஒதுக்க வேண்டுமென்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. டால்பின் ஒரு சொடுக்கை அனுப்பி, அதன் எதிரொலி வந்து சேரும்வரை காத்து, மேலும் ஏறத்தாழ 20 முதல் 45 மில்லிவினாடி கழித்தே அடுத்ததை அனுப்புகிறது. இலக்கு 100 மீட்டரில் இருந்தால் ஒலி போய் வர 133 மில்லிவினாடி ஆகும். ஆகவே வினாடிக்கு ஏறத்தாழ ஆறு சொடுக்குகளே வரும். இலக்கை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும். இரையைப் பிடிக்கும் கடைசிக் கணத்தில் சொடுக்குகள் வினாடிக்குப் பல நூறாகி ஒரே ரீங்காரமாகக் கேட்கும். தொலைவு குறையும்போது ஒலியின் வலிமையையும் அது குறைக்கிறது. தொலைவு பாதியானால் வலிமையை 6 டெசிபல் தணிக்கிறது என்று ஆவும் பெனாய்ட்–பேர்டும் 2003இல் காட்டினர். நம் எக்கோ சவுண்டர்களில் இதே வேலையைக் கேட்கும் பக்கம் செய்கிறோம்: நேரம் ஆக ஆகப் பெருக்கத்தை ஏற்றுகிறோம். டால்பின் அதை அனுப்பும் பக்கத்திலேயே செய்வதால் அதன் காதுக்கு வந்து சேரும் ஒலியின் அளவில் ஏற்படும் மாற்றம் குறைகிறது. சொடுக்குகள் நெருங்கும்போது ஒவ்வொன்றுக்கும் காற்றழுத்தம் சேர நேரம் குறைவு என்பதால் இந்தத் தணிவு தானாகவே நிகழக்கூடும் என்றும் அவர்கள் கருதினர். அப்படியென்றால் கணக்கு எதுவும் போடாமலேயே உடலமைப்பு ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றைத் தந்திருக்கிறது. பொறியாளர் பொறாமைப்பட வேண்டிய எளிமை அது.

கற்றையையும் அது மாற்றுகிறது. டால்பினின் உறவான துறைமுகக் கடற்பன்றி, இரையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் தன் கற்றையை விரிக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. தொலைவில் குறுகலாகவும் அருகே அகலமாகவும் இருந்தால், கடைசிக் கணத்தில் மீன் பக்கவாட்டில் துள்ளினாலும் கற்றைக்குள்ளேயே இருக்கும். அதிர்வெண்ணும் இப்படி மாறக்கூடியதே. ஒரு வெண் திமிங்கிலத்தைச் சான் டியேகோவிலிருந்து கனியோஹேக்கு மாற்றியபோது, 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்த அதன் ஒலி 100 முதல் 120 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறியது. கனியோஹேயில் கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்கள் ஏராளம். அவற்றின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. சந்தையில் பேசுபவர் குரலை மாற்றிக்கொள்வதைப் போல அந்தத் திமிங்கிலம் சுருதியை மேலே நகர்த்தியது. நம் கருவிகளில் பெரும்பாலானவை இன்றும் தொழிற்சாலையில் அமைத்த அதே துடிப்பை, அதே இடைவெளியில், அதே வலிமையில், இலக்கு 5 மீட்டரில் இருந்தாலும் 50 மீட்டரில் இருந்தாலும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எதிரொலியைக் கேட்டு அடுத்த துடிப்பைத் தீர்மானிக்கும் மென்பொருளை எழுதுவதற்கு இன்று பெரிய கணினி தேவையில்லை. டால்பினிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம்பு விதித்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

விலங்கைப் பார்த்து எழும் கேள்வி, விலங்கு செய்யாத ஒரு வழிக்குக்கூட இட்டுச்செல்லலாம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் லெய்ட்டனும் அவருடைய குழுவினரும் ஒரு முரண்பாட்டை எண்ணிப் பார்த்தார்கள். அலை உடையும் கரையோர நீரில் காற்றுக்குமிழ்கள் நிறைந்திருக்கும். அங்கே மனிதர் செய்த சோனார் குமிழ்களின் எதிரொலியிலேயே மூழ்கிவிடும். டால்பின்களோ குமிழ்களை வலையாக ஊதி, அதற்குள்ளேயே மீன் பிடிக்கின்றன. அந்த எண்ணத்திலிருந்து வந்த முறையில், ஒரு துடிப்பும் உடனே அதன் தலைகீழ் வடிவமும் அனுப்பப்படுகின்றன. திடப்பொருள் இரண்டையும் அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அதன் எதிரொலி இரட்டிப்பாகும், கூட்டினால் மறைந்துவிடும். குமிழ் வேறு வகை. வலிய ஒலியில் அது சுருங்கும் விதமும் விரியும் விதமும் ஒன்றுபோல் இராததால் அதன் எதிரொலி கூட்டலில் மறையாமல் எஞ்சும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் குமிழையும் பொருளையும் பிரிக்கலாம். டால்பின் தலைகீழ்த் துடிப்பை அனுப்புவதாகச் சான்று இல்லை என்பதை அந்தக் குழுவினரே தெளிவாகச் சொன்னார்கள். 2012இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வில், டால்பினின் அடுத்தடுத்த சொடுக்குகளில் காணப்படும் வலிமை வேறுபாட்டைக் கொண்டே இதையொத்த பிரிப்பைச் செய்ய முடியும் என்று கணித முறையில் காட்டினர். டால்பின் உண்மையில் அவ்வாறு செய்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். இயற்கையைப் பின்பற்றிச் செய்தது என்று விளம்பரப்படுத்தப்படும் பல கருவிகளில் இந்த நேர்மை இருப்பதில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, 2022இல் வெளியானது. அங்கே டால்பின் தலையளவே, அதாவது சுமார் 25 சென்டிமீட்டர் அகலமே உள்ள சோனார் ஒன்றைச் செய்தார்கள். மூன்று ஒலிமூலங்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து டால்பினைப் போன்ற கூர்மையான சொடுக்குகளை அனுப்புகின்றன. வழக்கமான முறையில் கணித்தால் அவ்வளவு சிறிய கருவியிலிருந்து மங்கலான படமே கிடைக்கும். ஆனால், காட்சியில் பெரும்பகுதி வெற்று நீர், பொருள்கள் சில புள்ளிகளில் மட்டுமே இருக்கும் என்ற முன்னறிவைக் கணக்கில் சேர்த்தபோது படம் தெளிந்தது. ஹவாயில் பாக், ஹெர்மன் ஆகியோர் ஒரு டால்பினிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட சோதனையை இது எனக்கு நினைவூட்டுகிறது. ஒளி புகாத பெட்டிக்குள் வைத்த பொருளை ஒலியால் மட்டும் ஆராய்ந்த டால்பின், அதே பொருளைப் பின்னர் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டது. ஒலி மட்டும் தருகிற தரவு குறைவாக இருந்தாலும், உலகத்தில் பொருள்கள் எப்படி இருக்கும் என்ற அறிவு அதனுடன் சேரும்போது வடிவம் பிறக்கிறது.

எதை நகலெடுக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். முதலில் அந்த 120 கிலோஹெர்ட்ஸ். கடல்நீர் அந்த அதிர்வெண்ணில் ஒலியைக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 டெசிபல் விழுங்கிவிடும். 100 மீட்டர் போய் வந்தால் 8 டெசிபல் இழப்பு, தாங்கலாம். ஒரு கிலோமீட்டர் போய் வந்தால் 80 டெசிபல்; எதுவும் எஞ்சாது. டால்பினுக்குத் தேவை அடுத்த சில விநாடிகளில் தான் நீந்தி எட்டக்கூடிய இரை. கடல்தரையின் வரைபடம் எடுக்கும் கப்பலுக்கும் தொலைவில் நீர்மூழ்கியைத் தேடும் கப்பலுக்கும் தேவை வேறு. எனவே ‘டால்பினின் அதிர்வெண்’ என்று ஒன்றைப் புனிதமாக்குவதில் பொருளில்லை. இரண்டாவதாக, அதன் நரம்பு மண்டலம் எதிரொலியைக் கேட்கும் நேரச் சாளரம் (அதற்குள் வரும் ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும் கால அளவு) ஏறத்தாழ 264 மைக்ரோவினாடி என்று ஓர் ஆய்வு அளந்தது. அது உயிரின் வரம்பு. கருவிக்கு அந்த வரம்பை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. மூன்றாவதாக, டால்பின் வரைபடம் எதையும் சேமித்து மற்றொருவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்தி கொடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு துடிப்பின் போதும் தான் எங்கே இருந்தோம் என்பதை அது துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு டால்பின் ஆசிரியர் இல்லை.

கடைசியாக, உங்கள் ஊர்தி ஆழம் குறைந்த, கலங்கிய நன்னீரில் இயங்கப்போகிறது என்றீர்கள். அப்படியானால் ஹவாயின் டால்பினைவிடக் கங்கை டால்பின்தான் உங்களுக்கு நெருங்கிய உறவு. 2009இல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட அது ஏறக்குறைய குருடு. அதன் கண்ணில் வில்லையே இல்லை. வெளிச்சம் புகாத சேற்றுநீரில் ஒலியை நம்பியே வாழ்கிறது. சுந்தரவனப் பகுதியில் அதன் சொடுக்குகளை அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றின் வலிமை சராசரியாக 183 டெசிபல், நடு அதிர்வெண் ஏறத்தாழ 61 கிலோஹெர்ட்ஸ். திறந்த கடலில் குப்பிமூக்கு டால்பின் எட்டும் வலிமையோடு ஒப்பிட்டால் 30 டெசிபலுக்கும் மேல் குறைவு. அதாவது ஒலியழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே. இதைத் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே நீர்ப்பரப்பு, கீழே படுகை, பக்கத்தில் கரை, நடுவே மிதக்கும் வேர்களும் கிளைகளும் என்று ஒவ்வொன்றும் ஒலியைத் திருப்பி அனுப்பும் இடத்தில் வலிமையைக் கூட்டினால் இலக்கின் எதிரொலியோடு குப்பையின் எதிரொலியும் அதே அளவில் கூடும்; லாபம் ஏதுமில்லை. தேவையான தொலைவு குறைவு என்பதால் அந்த விலங்கு மெல்லப் பேசுகிறது, குறுகிய இடைவெளியில் பேசுகிறது.

ஆகவே முதல் முன்மாதிரியில் வலிமையைக் குறைத்தே தொடங்குங்கள். 20 மீட்டர் தொலைவுக்கு ஒலி போய் வர சுமார் 27 மில்லிவினாடி போதும். சுவர்களின் மிச்ச முழக்கம் தணியும் வரை காத்திருந்து, வினாடிக்கு இருபது துடிப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி அருகிலிருந்து வரும்போது இடைவெளியையும் வலிமையையும் மென்பொருள் தானே குறைக்கட்டும். கலப்பு வில்லை ஒன்று கிடைத்தால் 60 முதல் 120 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் துடிப்பை முயன்று பாருங்கள். ஒரு மண்பானை, ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு எவர்சில்வர் குடம் ஆகிய மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் வாங்கி, நீர் நிரப்பி, 5 மீட்டர் தொலைவில் தொங்கவிட்டு, மூன்றின் எதிரொலி அதிர்வெண் பரவலையும் பதிவுசெய்யுங்கள். அதைத் தொட்டியில் செய்ய வேண்டாம். ஏதேனும் ஒரு குளத்தில், கரையிலிருந்து விலகிய இடத்தில் செய்யுங்கள். பதிவுகளை எனக்கு அனுப்பினால் மேடுபள்ளங்களை இருவருமாகப் படித்துப் பார்க்கலாம்.